ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே மைலேஜ் கணக்கு. சாலையில் மட்டும் ஏன் இந்த இடைவெளி?

ஈரோட்டுக்காரன் (கேள்வி):
நானும் என் மைத்துனரும் ஒரே மாடல் கார் வைத்திருக்கிறோம். அவருடையது 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் இன்ஜின், என்னுடையது 1.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் இன்ஜின்). இரண்டுமே மேனுவல் கியர். அதிகாரபூர்வ மைலேஜ் இரண்டுக்கும் லிட்டருக்கு 21-க்கு மேல். சேலம் நெடுஞ்சாலையில் அவருக்கு 18 கிடைக்கிறது, எனக்கு 14தான். சர்வீஸில் கேட்டால், "ஓட்டும் விதம் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வண்டியில் கோளாறா?

பட்டறைக்காரர்:
கோளாறாக இருக்காது, தம்பி. அந்த 21 சாலையில் எடுத்த அளவே அல்ல. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி எடுத்தது. மொத்தம் 1,180 வினாடி, 11 கி.மீ.கூட இல்லை. உச்ச வேகம் 90, ஏ.சி. கிடையாது, வேகத்தைக் கூட்டுவதும் நிதானமாகத்தான். அப்படி ஓட்டினால் டர்போவுக்கு வேலையே வராது. சின்ன இன்ஜின், உராய்வும் குறைவு. நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

நீங்கள் எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள்?

ஈரோட்டுக்காரன்:
110. அவர் 85-ஐத் தாண்ட மாட்டார்.

பட்டறைக்காரர்:
அதுதான் விஷயம். 80-லிருந்து 110-க்கு ஏறினால் காற்றுத் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். டர்போ காற்றைத் திணிக்கும், அதற்கேற்ற பெட்ரோலும் உள்ளே போகும். அழுத்தி மிதித்தால் இன்ஜின் சூட்டைத் தணிப்பதற்கென்றே கூடுதல் பெட்ரோல் செலவாகும். அது சக்கரத்துக்குப் பயன்படாது. அப்படி விரட்டிய வண்டியின் சைலன்சர் முனையைத் தடவிப் பாருங்கள், விரலில் கரி ஒட்டும். இதையெல்லாம் விற்கும்போதே சொல்லாமல், பிறகு "ஓட்டும் விதம்" என்று பழியை உங்கள் மேல் போடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கோவை வாசகர்:
இ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் ஆற்றல் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு; கலவையில் 6, 7 சதவீதம் குறையும். ஆனால் அது இருவருக்கும் பொது.

பட்டறைக்காரர்:
உண்மை. தம்பி, திரையில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். இருவரும் ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, ஒரே நாளில், ஒரே 85-இல் போய் வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள். அப்போதும் 4 கி.மீ. குறைந்தால் வண்டியைக் கொண்டு வாருங்கள். முதலில் டயர் காற்று, அடுத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன்.