இன்ஜினில் கீச் கீச் சத்தம் – அவசரம், யாராவது சொல்லுங்கள்

வெண்பறவை:
வணக்கம். கொஞ்ச நாளாகக் காரை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கத்திலிருந்து கீச் கீச் என்று சத்தம் வருகிறது. சில சமயம் தானாக நின்றுவிடுகிறது, சில சமயம் நிற்பதே இல்லை. ஆயில், கூலண்ட் எல்லாம் அளவாகத்தான் இருக்கிறது. நாளை மறுநாள் குடும்பத்தோடு நெடுந்தூரப் பயணம். என்னவாக இருக்கும்? இப்படியே ஓட்டலாமா?

நெடுஞ்சாலை:
என்ன கார்? பெட்ரோலா டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? ஆக்சிலரேட்டரை மிதித்தால் கீச்சும் வேகமாகிறதா? ஏசி போட்டால் மாறுகிறதா? கடைசியாக அந்தப் பக்கம் என்ன வேலை நடந்தது? இதெல்லாம் தெரியாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பேரிங்_ரசிகன்:
ஆல்டர்னேட்டர் பேரிங். (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம் ஆல்டர்னேட்டர், அது உரசாமல் சுற்ற உதவும் வளையம் பேரிங்.) என் வண்டியிலும் அச்சு அசல் இதே சத்தம்தான். கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸ் வறண்டு கிடந்தது. மாற்றியதும் சத்தம் போயே போய்விட்டது. நேராக அதைப் பாருங்கள், வேறெங்கும் அலைய வேண்டாம்.

மூன்றாம்_கியர்:
எல்லோரும் கிளட்சை மறந்துவிடுகிறீர்கள். நியூட்ரலில் வைத்து இன்ஜின் ஓடும்போது கிளட்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட்டின் பேரிங். ஒரு நிமிஷ வேலை, செலவில்லை.

பேரிங்_ரசிகன்:
அவர் இன்ஜின் பக்கம் என்கிறார், நீங்கள் கியர்பாக்ஸுக்குப் போகிறீர்கள்.

மூன்றாம்_கியர்:
இரண்டும் ஒட்டித்தானே இருக்கின்றன? பானட்டுக்குள் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

பழைய_ஸ்பேனர்:
காரின் பெயர்கூடச் சொல்லாமல் ‘என்னவாக இருக்கும்’ என்று கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஜோசியம் பார்க்கிற இடமா இது? இதே கேள்விக்கு நான் முன்பே விளக்கமாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சரி, இன்னொரு முறை சொல்கிறேன்.

முதலில் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். விட்டு விட்டு, சீராக, இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வரும் சின்னக் கீச்சு ஒன்று. ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஏசி, விளக்கு போட்டதும் ‘கிறீச்’ என்று நீளமாக இழுக்கும் சத்தம் இன்னொன்று. இரண்டும் வேறு. நீளமாக இழுத்தால், இன்ஜின் சுழற்சியால் ஆல்டர்னேட்டர், ஏசி போன்றவற்றைச் சுற்றும் பெல்ட் வழுக்குகிறது. ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரத்தைத் திருப்பி நிரப்ப ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில் அதிக வேலை செய்யும், பெல்ட்டில் இழுவிசை போதாமல் இருந்தால் வழுக்கிக் கத்தும். சின்னச் சின்னதாகக் கீச்சினால் பெரும்பாலும் ஏதோ ஒரு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) நேர்கோட்டில் இல்லை, பெல்ட் அதன் பள்ளத்துக்குள் பக்கவாட்டில் உரசிக்கொண்டே நுழைகிறது.

தெரிந்துகொள்ளச் சுலபமான வழி தண்ணீர். இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல், ஓடும்போது தெளிப்பான் பாட்டிலால் பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் சட்டென்று நின்று, பெல்ட் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி கோணல். நிற்காமல் இன்னும் கூடினால் இழுவிசை போதவில்லை. தண்ணீருக்கு அசையவே இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்குகளைப் பாருங்கள். ஆல்டர்னேட்டருக்குள் தண்ணீர் போகக் கூடாது. தொங்கும் துணி, துப்பட்டா, நீண்ட முடி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

தாத்தா_டீசல்:
இவ்வளவு எதற்கு? காய்ந்த சோப்புக் கட்டியை எடுத்து பெல்ட்டின் உள்பக்கம் தேயுங்கள். நாங்கள் காலங்காலமாகச் செய்வது. சத்தம் இருந்த இடம் தெரியாது.

பழைய_ஸ்பேனர்:
சத்தம் போகும், கோளாறு அப்படியே இருக்கும். அப்புறம் சோப்பில் தூசி ஒட்டி பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். இப்படி மூடி மறைத்துவிட்டுத்தான் பாதி வழியில் நிற்கிறார்கள்.

தாத்தா_டீசல்:
என் வண்டி இதுவரை நடுவழியில் நின்றதில்லை தம்பி.

ஈரக்காற்று:
ஐயா, உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைப் பள்ளம் கொண்ட பழைய வி பெல்ட்டாக இருக்கும். இப்போதைய கார்களில் பல வரிகள் உள்ள தட்டை பெல்ட். அதை ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்கிறார்கள், பழைய நியோப்ரீன் போல அது சீக்கிரம் விரிசல் விடாது. பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் வரிகள் தேய்ந்து பள்ளம் ஆழமாகி புல்லியில் பிடிப்பு போயிருக்கும். கண்ணால் பார்த்து ‘விரிசல் இல்லை, பெல்ட் நல்லது’ என்று சொல்வதை நம்ப முடியாது.

தாத்தா_டீசல்:
வரி பெல்ட்டிலும் தேய்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய_ஸ்பேனர்:
ஒன்றும் ஆகவில்லை என்பது சான்றாகாது. கடையில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரேயும் இதே வகைதான், வரி பெல்ட்டுக்கு அதுவும் வேண்டாம்.

வெண்பறவை:
எல்லோருக்கும் நன்றி. பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், 80,000 கி.மீ. தாண்டிவிட்டது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கீச்சும் வேகமாகிறது. கிளட்ச் மிதித்தாலும் மாறவில்லை. பெல்ட்டாக இருக்க வாய்ப்பில்லை, போன மாதம்தான் புது பெல்ட் போட்டேன்.

நெடுஞ்சாலை:
இதைத்தான் முதலில் கேட்டேன்! புது பெல்ட் போடுவதற்கு முன்பே சத்தம் இருந்ததா, போட்ட பிறகு வந்ததா? பெல்ட் மாற்றியவர் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், பெல்ட்டை வழிநடத்த மட்டும் சுற்றும் ஐட்லர் புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தாரா?

வெண்பறவை:
சத்தத்துக்காகத்தான் பெல்ட்டே மாற்றினோம். இரண்டு மூன்று நாள் இல்லை, அப்புறம் திரும்ப வந்துவிட்டது. டென்ஷனர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

நெடுஞ்சாலை:
அப்படியானால் பழைய பெல்ட் மேல் தப்பில்லை. புது பெல்ட் கோணலைக் கொஞ்ச நாள் மறைத்திருக்கிறது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சாவியை வெளியே எடுத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல், ஒரே சீராகச் சுற்றும். கெட்டது சொரசொரப்பாக, மணல் அரைப்பது போல விரலில் தெரியும், கிரீஸ் வறண்டதோ யாரும் தடுக்காமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டம் துளி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்பின் கீழே கூலண்ட் காய்ந்த கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெல்ட் இல்லாமல் இன்ஜினைச் சில நொடி ஓடவிட்டுச் சத்தம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். சத்தம் நின்றால் கோளாறு பெல்ட் சுற்றும் பாதையில்தான். ஆனால் அதிக நேரம் ஓட விடாதீர்கள், உங்கள் இன்ஜினில் வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் ஓடினால் கூலண்ட் சுற்றாது.

ஈரக்காற்று:
பெல்ட் இல்லாமலும் சத்தம் வந்தால் இன்னொன்று. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் நின்றால் பிசிவி வால்வின் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) டயஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, கிழிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தச் சத்தத்தைப் பலர் பேரிங் என்று நினைத்து ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடுகிறார்கள்.

பேரிங்_ரசிகன்:
ஆல்டர்னேட்டர் புல்லியை ஆட்டிப் பார்க்க மறக்காதீர்கள். நான் இன்னமும் அதைத்தான் சொல்வேன்.

வெண்பறவை:
பயணம் போகலாமா வேண்டாமா? அதை யாரும் சொல்லவில்லையே.

நெடுஞ்சாலை:
பார்க்காமல் போகாதீர்கள். புல்லி பேரிங் இறுகினால் பெல்ட் கருகி அறுந்துபோகும். பேட்டரி விளக்கு எரியும், சார்ஜ் நிற்கும். வாட்டர் பம்ப் அதில் ஓடுகிறதென்றால் இன்ஜின் கொதிக்கும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் திருப்பக் கனமாகிவிடும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் இது வேண்டாம்.

தாத்தா_டீசல்:
இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சோப்பு என்பது பக்கத்திலேயே ஓட்டும்போதுதான், நெடுந்தூரத்துக்கு இல்லை.

வெண்பறவை:
தண்ணீர் தெளித்ததும் நின்று, திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்ததில் ஐட்லர் புல்லி ஆடுகிறது. மாற்றியாச்சு. சத்தம் இல்லை. கிளம்புகிறோம், நன்றி.

பேரிங்_ரசிகன்:
புல்லிக்குள் இருப்பதும் பேரிங்தான்.

பழைய_ஸ்பேனர்:
தண்ணீர் தெளிக்கச் சொன்னது யார் என்று இழையை மேலே போய்ப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலை:
வெண்பறவை, கிளம்புவதற்குள் பார்த்தால் ஒன்று செய்யுங்கள். ஆடும் புல்லியில் ஒரு மாதம் ஓடிய பெல்ட் அது. டார்ச் அடித்து அதன் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நூல் பிரிந்தோ, ஓரம் பளபளவென்று தேய்ந்தோ இருந்தால் புதுசு என்று பார்க்காமல் அதையும் மாற்றிவிடுங்கள். டென்ஷனரின் கை, இன்ஜின் ஓடும்போது அதிகம் துள்ளுகிறதா என்றும் கவனியுங்கள். ஐட்லரோடு சேர்ந்து அதுவும் அதே 80,000 கி.மீ. ஓடியிருக்கிறது.