புதுப்பிப்பு: ஐரோப்பாவில் லேப்டாப்புக்கு இணையம்

ஐரோப்பா போகும்போது லேப்டாப்புக்குத் தனியாக டாங்கிள் (சிம் போட்டு லேப்டாப்பில் செருகும் கருவி) வேண்டுமா, போனின் இணையத்தைப் பகிரும் ஹாட்ஸ்பாட் போதுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஹாட்ஸ்பாட்டே தாராளம்.

பாரிஸில் ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கினேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் முதல் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் இல்லை என்பதால் பெல்ஜியம், ஜெர்மனி எல்லாம் அதே சிம்மில் ஓடியது. ஆனால் வாங்கிய நாட்டைத் தாண்டினால் டேட்டாவுக்குத் தனி வரம்பு இருக்கலாம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் ஜிபியை மட்டும் பார்க்காதீர்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்பதையும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். சுவிட்சர்லாந்து இந்த ஏற்பாட்டில் கிடையாது. ரயில் எல்லையைத் தொடும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நார்வே, ஐஸ்லாந்து ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இதில் உண்டு.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமானது: லேப்டாப் ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை போல நினைத்து அப்டேட்டுகளை இறக்க ஆரம்பித்தால் டேட்டா காலி. விண்டோஸில் அந்த இணைப்புக்கு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’, மேக்கில் ‘லோ டேட்டா மோட்’ என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள்; பின்னணியில் டேட்டா செலவாவது குறையும். யூஎஸ்பி கேபிள் வழியாக இணைத்தால் போனும் கூடவே சார்ஜ் ஆகும்.

வங்கி ஓடிபிக்காக இந்திய சிம்மை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்திருந்தேன், டேட்டாவை மட்டும் அணைத்து.