மறு: 'ரீட்டெய்ன்டு அட்வான்டேஜ்' – தமிழில் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

'ரீட்டெய்ன்டு அட்வான்டேஜ்', அதாவது ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகும் உடலில் தங்கிவிடும் சாதகம். இதற்குத் தமிழில் கேட்டது ஒரு சொல், கிடைத்தது ஒரு பட்டிமன்றம். வருத்தமில்லை. ஆனால் விளையாட்டு மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் இந்த ஒரு வரி மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்பத்தான் மறுபடி எழுதுகிறேன். திருநங்கையர் மகளிர் பிரிவில் ஆடலாமா கூடாதா என்பதை இங்கே முடிவு செய்யப்போவதில்லை. அதைப் பற்றித் தமிழில் வாதாட ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பொருள். பலர் ஆங்கிலச் சொற்றொடரை மட்டும் பார்த்துப் பெயர்த்திருக்கிறீர்கள். ஆணுடலில் பதின்வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும்போது எலும்பு நீள்கிறது, தசை திரள்கிறது, இதயமும் நுரையீரலும் பெரிதாகின்றன, ஹீமோகுளோபின் ஏறுகிறது. உலகத் தடகளக் கூட்டமைப்பு எடுத்துக்காட்டும் அளவுப்படி, வளர்ந்த ஆணின் இரத்தத்தில் லிட்டருக்கு 7.7 முதல் 29.4 நானோமோல் வரை இருக்கும் இந்த ஹார்மோன், பெண்ணிடம் 0.06 முதல் 1.68 வரைதான். இரண்டு வரம்பும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. உச்ச நிலை ஓட்டத்திலும் நீச்சலிலும் இருபாலார் சாதனைகளுக்கும் இடையே 10 முதல் 12 விழுக்காடு இடைவெளி வருவது இதனால்தான். பளுதூக்கலில் இன்னும் அதிகம். திருநங்கை ஒருவர் பிற்பாடு சிகிச்சையால் அந்த ஹார்மோனைக் குறைத்துக்கொண்டால், அதுவரை வளர்ந்ததில் எது கரையும், எது தங்கும்? தங்குவதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

இனி முன்மொழிவுகள்.

> எச்ச ஆண்மை என்று வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரிதான் ஐயா. 'ஆண்மை' என்றால் தமிழில் வீரம், ஆளும் தன்மை, சில மருந்து விளம்பரங்களில் வேறொன்று. ஹார்மோன் தந்த எலும்பு நீளம் என்று எந்த அகராதியும் சொல்லாது. 'எச்சம்' இலக்கணம் படித்தவருக்குப் பெயரெச்சம், மற்றவருக்குக் காக்கை. இரண்டையும் சேர்த்து ஒருவர் உடம்பின்மேல் ஒட்டினால் கலைச்சொல் வராது, வசைச்சொல்தான் வரும்.

> ஆண்மை விட்டுப் பெண்மை விரும்புவோர் பெண்பால் என்று நன்னூல் எப்போதோ முடித்துவிட்டது. பிறகு எதற்கு விவாதம்?

'வந்தாள்' என்று எழுத வேண்டுமா என்பதற்கு நன்னூலில் விடை இருக்கிறது. பட்டியல் முழுக்க அப்படித்தான் எழுதுவோம். ஆனால் பவணந்தியார் விதி செய்தது வினைமுற்று விகுதிக்கு. ஓட்டப் பாதைக்கு அவர் விதி ஏதும் செய்துவைக்கவில்லை. இலக்கணப் பால் ஒன்று, உடற்பால் வேறு, பாலினம் வேறு. நம் நாளிதழ்கள் மூன்றையும் ஒரே சொல்லில் கலக்குவதால்தான் செய்தியைப் படித்தவர் எந்தத் தடை யாருக்கு என்றே தெரியாமல் பக்கத்தைத் திருப்புகிறார்.

அந்தக் குழப்பம் இந்த இழையிலும் நடந்தது. ஓட்ட வீராங்கனைகள் சாந்தி சௌந்தரராஜன், டூட்டி சந்த் பெயர்களை மூன்று பேர் இழுத்துவந்தீர்கள். இருவரும் திருநங்கைகள் அல்லர். சாந்தி, பால் சோதனையில் தேறவில்லை என்று சொல்லப்பட்டு, 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியை இழந்தவர். டூட்டி, உடலில் இயல்பாகவே சுரக்கும் ஹார்மோனைக் காட்டித் தடுக்கப்பட்டு, பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போராடி 2015இல் ஓடுகளத்துக்குத் திரும்பியவர். பிறந்தது முதல் பெண்ணாக வளர்ந்தவர்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்திய கதை அது, பழைய கதையும்கூட. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேரிடம் ஒய் குரோமோசோம் சார்ந்த மரபணு தென்பட்டது. எட்டுப் பேரையும் ஆட அனுமதித்தார்கள். 1999இல் அந்தச் சோதனையையே கைவிட்டார்கள். 2025இல் தடகளக் கூட்டமைப்பு, ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணுவைத் தேடும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குப் பட்டியலில் தனிப் பதிவு உண்டு. தயவுசெய்து இதோடு சேர்க்காதீர்கள்.

> எஞ்சுவலு – வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல.

இதைப் பார்த்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். வினைத்தொகை காலம் காட்டாது. எஞ்சிய வலு, எஞ்சுகின்ற வலு, எஞ்சும் வலு மூன்றும் அதற்குள் அடக்கம். எத்தனை காலம் எஞ்சும் என்பதுதானே இந்தச் சண்டையின் அடிவேர்! பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2003இல் அறுவை சிகிச்சையும் அதன்பின் இரண்டு ஆண்டும் கேட்டது. 2015இல் அறுவை வேண்டாம், ஹார்மோன் பன்னிரண்டு மாதம் 10 நானோமோலுக்குக் கீழே இருந்தால் போதும் என்றது. 2021இல் ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்தாது என்று, முடிவை அந்தந்த விளையாட்டின் கூட்டமைப்பிடமே விட்டுவிட்டது.

வழுக்குவது 'வலு' என்ற இடத்தில். ஹீமோகுளோபின் மூன்று நான்கு மாதத்திலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசைவலுவோ பன்னிரண்டு மாதத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைகிறது என்கிறது 2021இல் வந்த தொகுப்பாய்வு. அமெரிக்க விமானப்படையின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வில், இரண்டு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு தண்டால் எண்ணிக்கையில் திருநங்கையருக்கும் மற்றப் பெண்களுக்கும் வேறுபாடு இல்லை. ஓட்டத்தில் மட்டும் திருநங்கையர் 12 விழுக்காடு வேகமாக இருந்தார்கள். உயரம் எந்தச் சிகிச்சைக்கும் அசையாது. இத்தனைக்கும் வலு என்று ஒரே பெயரா? (இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை போட்டி வீராங்கனைகளை வைத்துச் செய்தவை அல்ல. இரு தரப்பும் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகின்றன.)

> எஞ்சிய சாதகம். நேரடி மொழிபெயர்ப்பு, வேலை முடிந்தது.

முடியவில்லை. ஒரு சொல்லைப் பட்டியலில் ஏற்றுமுன் நான் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. எதிரெதிர் நிலைப்பாடு கொண்ட இருவர் தத்தம் வாக்கியத்தை அந்தச் சொல்லை வைத்தே எழுத முடிய வேண்டும். ரக்பி 2020இல், நீச்சல் 2022இல், தடகளமும் கிரிக்கெட்டும் 2023இல், ஆண்பருவ வளர்ச்சியைக் கடந்தவர்களுக்குப் பன்னாட்டு மகளிர் பிரிவை மூடின. சாதகம் தங்கிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். ஒலிம்பிக் குழுவின் 2021 வழிகாட்டு நெறியோ சாதகம் இருப்பதாக முன்கூட்டியே கொள்ளக் கூடாது என்றது. நம் சொல்லிலேயே சாதகம் உட்கார்ந்திருந்தால் இரண்டாவதை எப்படி எழுதுவது? 'எஞ்சிய சாதகத்தைச் சாதகம் என்று கொள்ளக் கூடாது' என்றா? படிக்கிறவர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று ஸ்னாட்ச் முயற்சியிலும் பளுவைத் தூக்க முடியாத திருநங்கை லாரல் ஹப்பர்டையும், 2022இல் அமெரிக்கக் கல்லூரி நீச்சலில் 500 கெஜப் பட்டம் வென்ற திருநங்கை லியா தாமஸையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு வாதாடியவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் தோற்றதும் ஒருவர் வென்றதும் கலைச்சொல்லுக்கு உதவாது.

இன்னொரு சிக்கலை யாருமே தொடவில்லை. ஆண்பிள்ளையின் 'ப்யூபர்ட்டி'க்குத் தமிழில் என்ன சொல்கிறோம்? பூப்பு, வயதுக்கு வருதல் எல்லாம் பெண்பிள்ளைக்கு உரியவை. பையனுக்கு மீசை அரும்பும், குரல் உடையும், அவ்வளவுதான். பேச்சு வழக்கில் அந்த நிகழ்வுக்கென்று தனிப் பெயர் இல்லை. ஒரு செய்தியில் 'ஆண் பூப்பெய்திய வீராங்கனைகள்' என்று படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். 'ஆண்பருவ வளர்ச்சி' என்று விளக்கமாகவே எழுதலாம் என்பது என் எண்ணம்.

என் முன்மொழிவு: பருவப்பேறு. பருவத்தில் உடல் பெற்றது. அது சாதகமா இல்லையா என்று சொல் பேசவில்லை. உயரம், எலும்பு, தசை, நுரையீரல் எல்லாம் அடங்கும். 'பருவப்பேற்றில் எஞ்சியது' என்று தேவைக்கு நீட்டிக்கொள்ளலாம். மகப்பேறு நினைவுக்கு வருகிறது என்பீர்கள். வரட்டும், பழகிவிடும்.

கருத்துச் சொல்லுங்கள்.

--

> என் முன்மொழிவு: பருவப்பேறு.

வணக்கம். மூன்று ஆண்டாக இந்தக் குழுவில் படிக்க மட்டும் செய்கிறவள் நான். திருநங்கை. எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை, ஓடும் எண்ணமும் இல்லை.

'பேறு' என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. குரல் உடைந்த வருஷம் வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்தினேன். பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன், போகவில்லை. அதைப் போய்ப் பேறு என்கிறீர்கள். பேறு என்றால் வேண்டிப் பெறுவது. இது கேட்காமல் வந்து விழுந்தது. எதிரெதிராக நிற்கும் இருவரும் எழுதக்கூடிய சொல் வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த இருவரில் நானும் ஒருத்தி. இந்தச் சொல்லை என்னால் எழுத முடியாது.

உடம்பில் அது விட்டுப்போனது இருக்கிறது, மறுக்கவில்லை. என் உயரம் அப்படியேதான் இருக்கிறது. இறுக்கி மூடிய பாட்டிலைத் திறக்க இப்போது தம்பியைக் கூப்பிடுகிறேன். (ஆய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுக்களைச் செய்திதான்.) விட்டுப்போனதற்குத் 'தடம்' என்று ஒரு சொல் இருக்கிறதே? வண்டி போன தடம், வெள்ளம் போன தடம். ஆழமாகவும் இருக்கும், தூர்ந்தும் போகும். போனதை யார் விரும்பினார்கள் என்று அது சொல்வதில்லை.

--

அம்மா, நன்றி. பேற்றை எடுத்துவிட்டேன். என் சோதனையில் என் சொல்லே தோற்றதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் சொல்லை வைத்து இரண்டு வாக்கியமும் எழுதிப் பார்த்தேன்.

'பன்னிரண்டு மாதச் சிகிச்சைக்குப் பிறகும் பருவத்தடம் பெரும்பாலும் அழிவதில்லை. ஆகவே மகளிர் பிரிவில் சமநிலை குலைகிறது.'

'பருவத்தடம் இருப்பதாலேயே ஒருவருக்குப் போட்டியில் சாதகம் உண்டு என்று முன்கூட்டியே கொள்ளக் கூடாது.'

இரண்டும் நிற்கின்றன. தடம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்தத் தடம் இந்த விளையாட்டில் சாதகமாகிறதா என்பது வேறு கேள்வி. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. வில்வித்தைக்கும் ரக்பிக்கும் இரண்டாவது கேள்வியின் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதைப் பிரித்து எழுத இப்போது தமிழில் வழி இருக்கிறது.

பட்டியலில் முழு வடிவம் 'ஆண்பருவத்தடம்', அடுத்தடுத்து வரும் இடங்களில் 'பருவத்தடம்'. பெண்பருவமும் உடலில் தன் தடத்தை விடுகிறது என்பதால் முதலில் அடை தேவைப்படுகிறது. 'ஆண்' என்பது வளர்ச்சிக்கு அடை, ஆளுக்கு அல்ல. இதை விளக்கக் குறிப்பிலேயே எழுதிவிடுகிறேன். தடகளக் கட்டுரையில் 'தடம்' இரண்டு முறை இடிக்கும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். இடிக்கும்தான். 'எஞ்சுவலு'வை வீணாக்க மனமில்லை, தசைவலுவை மட்டும் அளக்கும் ஆய்வுகளுக்கு அதைத் துணைச்சொல்லாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வரி 'ஓபன் கேட்டகரி', அதாவது எந்தப் பாலாரும் ஆடக்கூடிய பிரிவு. 2023இல் பெர்லின் நீச்சல் உலகக் கோப்பையில் இப்படி ஒரு பிரிவைத் திறந்தார்கள், ஒருவரும் பெயர் பதியவில்லை. 'பொதுப்பிரிவு' என்றால் நமக்கு இடஒதுக்கீட்டு விண்ணப்பம் நினைவுக்கு வரும். 'திறந்த பிரிவு' என்றால் எதைத் திறந்தது என்று கேட்பார்கள். அதற்குப் புது இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.