உதவி: 2 அடி கடல்நீர்த் தொட்டியில் ஸோவாந்திட் 8 நாளாக மூடியே கிடக்கு

வடசேரி மாடிவீடு:
வாடகை வீடு, ஹாலில் கிடைத்த இடமே 2 அடிக்கு 1 அடிதான். தொட்டி 60×30×36 செ.மீ., பாறை மணல் போக தண்ணி சுமார் 50 லிட்டர். ஓடத் தொடங்கி 7 வாரம். முட்டத்துக் கடல்தண்ணி, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல், கடையில் வாங்கிய காய்ந்த பாறை 6 கிலோ. ஒரு கிளௌன் மீன், ஒரு ஸோவாந்திட் துண்டு (பூ மாதிரி விரியும் சின்னச் சின்ன வாய்களாகக் கூட்டமாக வளரும் பவளச் சொந்தம்). அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. சூடு 31 டிகிரி வந்ததால் 8 நாள் முன்னே சின்ன ஃபேன் வைத்தேன், இப்போ 28.5. அன்றிலிருந்து ஸோவாந்திட் விரியவே இல்லை. மணல்மேல் பழுப்புத் தூள் வேறு. லைட் கூடிப்போச்சா?

உப்புக்காத்து:
லைட்டைத் தொடாதீங்க. ஃபேன் வைத்தபிறகு தினம் எவ்வளவு தண்ணி வத்துது? அதுக்கு எதை ஊத்துறீங்க?

வடசேரி மாடிவீடு:
ஒரு லிட்டர் வத்துது அண்ணே. கேனில் மிச்சமிருந்த முட்டத்துத் தண்ணியைத்தான் ஊத்துறேன்.

உப்புக்காத்து:
அதுதான் வினை. வத்துறது வெறும் தண்ணி, உப்பு தொட்டியிலேயே நிற்கும். நீங்க ஊத்துற ஒவ்வொரு லிட்டரிலும் 35 கிராம் உப்பு. 50 லிட்டரில் 1,750 கிராம் இருந்தது, 8 நாளில் 280 கிராம் கூடிப்போச்சு. உப்பளவு 35-லிருந்து 40.6. ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒரு துளித் தண்ணியில் உப்பளவு காட்டும் கருவி) பாருங்க. பிளாஸ்டிக் முள் கருவியை நம்பாதீங்க, முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும்.

வடசேரி மாடிவீடு:
மீன் கடையில் பார்த்தேன். அடர்த்தி 1.031, உப்பளவு 35-க்கு 1.026 தானே வரணும்!

உப்புக்காத்து:
ஒரே நாளில் இறக்கிடாதீங்க. தினம் 1.5 லிட்டர் தொட்டித் தண்ணியை எடுத்துட்டு, அதே அளவு ஆர்.ஓ. தண்ணி மெதுவா விடுங்க. ஒரு தடவைக்கு 1.2 இறங்கும், 5 நாளில் 35 பக்கம் வந்துரும். வத்துற ஒரு லிட்டருக்கு ஆர்.ஓ. தனி. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு டேப் ஒட்டி வையுங்க, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊத்தினால் போதும்.

வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காக டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்த உப்புகளின் அளவு) கூட்டும் திருகு இருக்கும், மினரல் குழாயும் இருக்கும். இப்போதைக்கு ஆபத்துக்குப் பாவமில்லை. தொடர்ந்து ஊத்தணும்னா மினரல் குழாய்க்கு முன்னாடியே தண்ணி பிடிச்சு, டி.ஐ. ரெசின் (மிச்ச உப்பையும் பிடிச்சுக்கிற மணிகள்) வழியா விட்டு, டி.டி.எஸ். மீட்டரில் 0 வரணும்.

கொட்டாரம் அக்கா:
பழுப்புத் தூள் டயட்டம்னு ஒரு நுண்பாசி. புதுத் தொட்டிக்கு வர்ற வழக்கமான நோய்தான், துடைச்சுக்கிட்டே இருந்தால் அடங்கும். மணல்தான் எனக்குப் பிடிக்கலை தம்பி. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், கார்னெட், தோரியம் உள்ள மோனசைட்னு கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கு. ஒரு காந்தத்தைக் கவரில் போட்டு மணலில் ஓட்டிப் பாருங்க, கறுப்பா ஒட்டும். பவளத் தொட்டிக்கு அது எதுக்கு? ஒரே நாளில் அள்ளினால் அடியில் இருக்கும் அழுக்கெல்லாம் கிளம்பி, அம்மோனியா ஏறும். வாரத்துக்கு மூணில் ஒரு பங்கு, தண்ணி மாத்தும்போது டியூப் வைத்து உறிஞ்சி எடுங்க. பதிலுக்கு அராகனைட் (சுண்ணாம்பு மணல்) 6 கிலோ, இரண்டரை செ.மீ. கனம் வரும். போடாமல் வெறும் கண்ணாடியா விட்டாலும் தப்பில்லை, சின்னத் தொட்டிக்குச் சுத்தம் செய்ய அதுதான் லேசு.

வடசேரி மாடிவீடு:
அக்கா, சின்னமுட்டத்தில் வலையில் ஏறி வரும் பவளப் பாறைத் துண்டு போடலாமா?

கொட்டாரம் அக்கா:
வேண்டவே வேண்டாம். கல் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. ஓசியில் கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. கடல்தண்ணி எடுக்கிறதா இருந்தால், துறைமுகத்துக்குள்ள டீசல் மிதக்கும், மணக்குடி பொழி பக்கம் பழையாற்று நன்னீர் கலந்திருக்கும். இரண்டும் ஆகாது. மழைக்காலத்தில் கடல்மீன் தொட்டிக்குன்னு விற்கும் பாக்கெட் உப்பு கரைச்சுக்கிறது உத்தமம், லிட்டருக்கு சுமார் 38 கிராம். முதல்நாளே கரைச்சு மோட்டார் ஓடவிட்டு, 1.026 வந்தபிறகு ஊத்துங்க.

உப்புக்காத்து:
ஒண்ணு விட்டுப்போச்சு. மழைக்காற்றில் ஈரம் கூடினால் ஃபேன் அவ்வளவு குளிர வைக்காது, தண்ணி வத்துறதும் குறையும். அதனால் 'தினம் ஒரு லிட்டர்'னு கணக்கு வைக்காதீங்க, டேப் கோட்டைப் பார்த்து ஊத்துங்க.

வடசேரி மாடிவீடு:
அஞ்சாம் நாள். 1.027. ஓரத்தில் நாலு வாய் பாதி விரிஞ்சிருக்கு.

கொட்டாரம் அக்கா:
நல்லது. தீனி போடுறேன்னு இப்போ தொடாதீங்க.