பள்ளி ஆபீஸில் இருப்பவர்களுக்கும் பயிற்சி உண்டா?

சிப்புட்காரி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலை. மனம் உடைந்த பிள்ளைகளைக் கண்டுகொள்ளும் பயிற்சிக்கு ஆசிரியர்களைத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஓய்வு நேரத்தில் கேண்டீன் போகாமல் என் மேசையோரம் வந்து நிற்கிறான். ஆசையாக வைத்திருந்த வண்ணப்பென்சில் பெட்டியை நேற்று யாருக்கோ கொடுத்துவிட்டான். நான் ஏதாவது கேட்கப்போய், இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டால்?

கவுன்சிலர்_ஈப்போ: கேளுங்கள் அக்கா. கேட்பதால் தற்கொலை எண்ணம் வராது. பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவது கவனிக்க வேண்டிய அடையாளம். தனியாக உட்காரவைத்து, "வாழவே பிடிக்கலையாய்யா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆமாம் என்றால் தனியே விடாமல் கவுன்சிலரிடம் உடனே கூட்டிப் போங்கள். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555.

வேன்கார_அண்ணன்: எங்களையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். காலையில் எந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஏறுகிறது என்பது வாத்தியாருக்கா தெரியும்?

சிப்புட்காரி: சரி அண்ணே, தலைமையாசிரியரிடம் சொல்கிறேன். அப்புறம், பிள்ளை தற்கொலைக்கு முயன்றால், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று எஸ்டேட்டில் பலர் மறைக்கிறார்களே?

கவுன்சிலர்_ஈப்போ: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். பெற்றோரிடம் அதையும் சொல்லுங்கள். பையனிடம் இன்றே பேசுங்கள், திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள்.