பழைய ஏலக்காய் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, விற்ற கம்பெனி கைவிரிக்கிறது. உதவி தேவை

போடி ஏலக்கடை:
வணக்கம். போடியில் சின்ன ஏலக்காய் கடை, நானும் மனைவியும் மட்டும்தான். ராஜாக்காடு, சாந்தன்பாறைப் பக்கம் காய் எடுத்து, சலித்துத் தரம் பிரித்து வடக்கே அனுப்புகிறோம். 2016ல் ஒரு வியாபாரக் கணக்கு மென்பொருள் வாங்கினேன். பில்லிலேயே ‘ஆயுள் உரிமம்’ என்று அச்சடித்திருக்கிறது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது தனியாகப் பணம் கட்டிப் புதுப்பித்தேன்.

போன மாதம் இடி மின்னலில் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ‘கணினி மாறியுள்ளது, மீண்டும் ஆக்டிவேட் செய்யவும்’ என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி வருகிறது. அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்டால், ஆக்டிவேட் செய்கிற சர்வரை மூடிவிட்டோம், வருடச் சந்தாவுக்கு மாறுங்கள், பழைய கணக்கை மாற்றித்தர 18,000 ரூபாய் என்கிறார்கள்.

இப்போதைய பில் வேறொன்றில் போடுகிறேன், அது ஓடுகிறது. ஆனால் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் பழையதற்குள் கிடக்கிறது. விற்றவருக்கு ஒரு கடமையும் இல்லையா?

கம்பம் கம்ப்யூட்டர்:
அண்ணே, முதலில் அந்த டிஸ்க்கில் எதையும் புதிதாக நிறுவாதீர்கள். யூஎஸ்பி கேபிளில் மாட்டி, முழுவதையும் நகல் எடுங்கள். டேட்டா ஃபோல்டரில் டிபிஎஃப், சிடிஎக்ஸ், எஃப்பிடி என்று முடியும் ஃபைல்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது ஃபாக்ஸ்புரோ, மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தள மென்பொருள். 2015லேயே அதற்கு ஆதரவை முடித்துவிட்டார்கள். ஆனாலும் டிபிஎஃப் ஃபைலை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருள் திறக்கும். எஃப்பிடி ஃபைல் பக்கத்திலேயே இருக்கட்டும், நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும். பூட்டை உடைக்கிற கிராக் நிரல் தேடிப் போகாதீர்கள், வைரஸ்தான் மிச்சம்.

நானும் மென்பொருள் எழுதி விற்கிறவன். பத்து வருடப் பழசுக்குப் புது வசதி செய்துகொடு என்று யாரும் கேட்க முடியாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ல் ஆதரவு முடிந்தது, தேதியை முன்பே சொன்னார்கள், அதற்குப் பிறகும் அது ஓடுகிறது. ஆதரவை நிறுத்துவது வேறு, சாவியை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டுவது வேறு. சர்வரை மூடுமுன் எல்லோருக்கும் ஒரு நிரந்தரச் சாவி அனுப்பியிருக்கலாம். அரை நாள் வேலை.

தேனி வழக்கறிஞர்:
நகல் எடுப்பது தப்பில்லை. முறையாக வாங்கியவர், இழப்பிலிருந்து காக்க நிரலையே பிரதி எடுக்கலாம் என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு. கணக்கோ முழுக்க உங்களுடையது.

வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று கம்பெனி வாதாடும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்பதை, பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்தரப்பாக இருந்த வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. நீங்களும் மனைவியும் மட்டும் என்று எழுதினீர்களே, அதை மனுவில் அழுத்திச் சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே, தேனி நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வாங்கக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஜிஎஸ்டி கணக்கை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். 2021-22 கணக்கு என்றால் 2028 டிசம்பர் வரை.

போடி ஏலக்கடை:
திறந்துவிட்டது அண்ணே! தொகையெல்லாம் சரி. ஆனால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகின்றன.

கம்பம் கம்ப்யூட்டர்:
பழைய பாமினி எழுத்துருவாக இருக்கும். அந்தப் பத்தியை மட்டும் நகலெடுத்து யூனிகோட் மாற்றியில் போடுங்கள்.

போடி ஏலக்கடை:
பாமினிதான். மனைவி பென்சிலில் எழுதிவைத்திருந்த சிட்டையோடு 2019 முன்பணத்தை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம், 41 பேரும் சரி. நோட்டீஸும் அனுப்பிவிட்டேன், சாவி கொடு அல்லது கட்டிய பணத்தைக் கொடு என்று 15 நாள் கெடு. ஒப்புகை அட்டை இன்று வந்தது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், இதே பெட்டி வந்து நிற்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள்.