மெய்நிகர் டெஸ்க்டாப்பில் எதிர்முனைக் குரல் கேட்கிறது, எங்கள் குரல் போவதில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் அழைப்புகளுக்கான சாஃப்ட்ஃபோன் (கணினியிலிருந்தே தொலைபேசி அழைப்பு பேச உதவும் மென்பொருள்), விண்டோஸ் சர்வரில் இயங்கும் மெய்நிகர் டெஸ்க்டாப்பில் நிறுவப்பட்டுள்ளது. வீட்டிலிருந்து பணியாற்றுபவர்கள் மடிக்கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதில் நுழைகிறார்கள். எதிர்முனையில் பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் பேசுவது மட்டும் அவருக்குக் கேட்பதில்லை. அதே யூஎஸ்பி ஹெட்செட் மடிக்கணினியில் நேரடியாக நன்றாக இயங்குகிறது. சாஃப்ட்ஃபோனை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி 1:
சாஃப்ட்ஃபோனை இப்போதைக்குத் தொட வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒலி வருவதும் மைக்கின் ஒலி போவதும் தனித்தனி வழிகள். முதலாவது இயல்பாகவே திறந்திருக்கும், இரண்டாவதை நாம்தான் திறக்க வேண்டும். மடிக்கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, ‘ஷோ ஆப்ஷன்ஸ்’, ‘லோக்கல் ரிசோர்சஸ்’ என்று போய், ‘ரிமோட் ஆடியோ’வுக்குக் கீழுள்ள ‘செட்டிங்ஸ்’ பொத்தானை அழுத்தினால், பதிவுக்கான தேர்வு பெரும்பாலும் ‘டூ நாட் ரெகார்ட்’ என்றே இருக்கும். அதை ‘ரெகார்ட் ஃப்ரம் திஸ் கம்ப்யூட்டர்’ என்று மாற்றிவிட்டு மீண்டும் இணையுங்கள். இப்போது மெய்நிகர் டெஸ்க்டாப்பின் ஒலி அமைப்பிலுள்ள ‘ரெகார்டிங்’ பட்டியலில் ‘ரிமோட் ஆடியோ’ தோன்ற வேண்டும். ஹெட்செட்டின் பெயர் அங்கே வராது. மடிக்கணினியில் எது இயல்பு மைக்காக உள்ளதோ அதுவே அந்தப் பெயரில் வரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அமைப்பு நீங்கள் சொன்னபடியே இருந்தது, மாற்றிவிட்டேன். ஆனாலும் ‘ரெகார்டிங்’ பட்டியல் காலியாகவே உள்ளது.

மறுமொழி 2:
அப்படியானால் தடை சர்வர் பக்கம் இருக்கிறது. குரூப் பாலிசியில் (நிர்வாகி விண்டோஸ் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் இடம்) ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்டின் கீழ் ‘டிவைஸ் அண்ட் ரிசோர்ஸ் ரீடைரக்‌ஷன்’ என்ற பகுதியில் ‘அலவ் ஆடியோ ரெகார்டிங் ரீடைரக்‌ஷன்’ உள்ளது. அதை ‘எனேபிள்’ செய்யுமாறு நிர்வாகியிடம் கேளுங்கள். பிறகு செஷனைத் துண்டித்தால் மட்டும் போதாது, சைன் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். பட்டியலில் மைக் வந்தும், பேசும்போது அதன் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையவில்லை என்றால், இரு கணினிகளிலும் பிரைவசி அமைப்பில் மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பாலிசி மாறியதும் ‘ரிமோட் ஆடியோ’ வந்துவிட்டது. பேசும்போது கோடு அசைகிறது, அழைப்பும் சரியாகப் போகிறது. ஹெட்செட்டை யூஎஸ்பி ரீடைரக்‌ஷன் மூலம், அதாவது கருவியையே மெய்நிகர் டெஸ்க்டாப்புடன் இணைத்து, அப்படியே உள்ளே அனுப்பலாம் என்று சக ஊழியர் ஒருவர் சொல்கிறார். அது மேலானதா?

மறுமொழி 1:
குரலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யூஎஸ்பி ஒலித் தரவு நேரம் தவறாமல் போய்ச் சேர வேண்டியது. வீட்டு இணையத்தில் சிறு தாமதம் ஏற்பட்டாலும் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும், மடிக்கணினியிலும் அந்த ஹெட்செட் காணாமல் போகும். ஒலி ரீடைரக்‌ஷனே போதுமானது. அதிலும் தாமதம் தொல்லை தந்தால், குரலைச் சர்வருக்கே கொண்டுபோகாமல் மடிக்கணினியிலேயே கையாளும் விடிஐ (மெய்நிகர் டெஸ்க்டாப்) செருகுநிரல் உங்கள் சாஃப்ட்ஃபோனுக்கு உண்டா என்று தயாரிப்பாளரிடம் விசாரியுங்கள்.